முட்டிக் குருத்தெலும்பை வெப்பத்தால் சீர்செய்யும் அறுவை: பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் முட்டி அறுவை முடிந்து பயிற்சிக்கு வருவோரும், அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் கலக்கத்தோடு வருவோரும் இயன்முறை மருத்துவம் செய்யும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். அறுவை செய்வது என் தொழில் அன்று. ஆகவே உங்கள் முட்டிக்கு இந்தச் சிகிச்சை வேண்டுமா என்பதை உங்களைப் பரிசோதித்த எலும்பு மருத்துவரே சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

முட்டி ஜவ்வுல சூடு வெச்சு சரி பண்றாங்களாமே, அது என்ன?

தொடை எலும்பின் முனையையும் முட்டிச் சிப்பியின் உட்புறத்தையும் வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பைப் பற்றியே இங்கு பேசுகிறோம். இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பிறைவடிவ மெனிஸ்கஸும், எலும்புகளை இழுத்துக் கட்டும் தசைநார்களும் வேறு உறுப்புகள். அடிபட்டோ தேய்ந்தோ குருத்தெலும்பின் மேற்பரப்பு நார் நாராகப் பிரியும்போது, முட்டியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளைகளிட்டு, ஒன்றின் வழியே கேமராவையும் மற்றொன்றின் வழியே பேனா போன்ற மெல்லிய கருவியையும் நுழைத்து, அதன் முனையில் உண்டாகும் ரேடியோ அலை ஆற்றலால் அந்த நார்களைக் கரைத்து மேற்பரப்பைச் சமப்படுத்துகிறார்கள். அறுவை முழுவதும் மூட்டுக்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

சூடு எதுக்கு? பிளேடால வழிச்சு எடுத்தா போதாதா?

போதும், பல இடங்களில் இன்றும் ஷேவர் என்னும் சுழலும் பிளேடால்தான் செய்கிறார்கள். பிளேடு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் நைந்த பகுதியை மட்டும் தனியே எடுப்பது அதற்குக் கடினம். பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியிலிருந்தும் கொஞ்சம் வழித்துவிடும், வழித்த பின்னும் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். வெப்பக் கருவி நார்களை உருக்கி அடைத்துவிடுவதால் பரப்பு வழவழப்பாகிறது.

அறுவை முடிந்ததும் மருத்துவமனையில் தரும் வீடியோவைப் பலர் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நீரோட்டத்தில் கடற்பாசிபோல் அசைந்துகொண்டிருந்த வெண்ணிற நார்கள், கருவியின் முனை மேலே கடந்து போனதும் படிந்து மறைவதை அதில் பார்க்கலாம். அந்தக் காட்சி மனத்துக்கு நிறைவு தருவதுதான். ஆனாலும் திரையில் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. பாதுகாப்பு குறித்த எல்லாக் கேள்விகளும் அதற்குக் கீழே இருக்கும் ஓரிரண்டு மில்லிமீட்டரைப் பற்றியவை.

சூடு பட்டா குருத்தெலும்பு செத்துடும்னு சொல்றாங்க. உண்மையா?

ஓரளவு உண்மை. இந்தப் பக்கத்தில் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய பதிலும் இதுவே. குருத்தெலும்புக்குள் இருக்கும் செல்கள் ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் இறக்கத் தொடங்குகின்றன; வெப்பம் நீடித்தால் அதற்குக் குறைவான நிலையிலும் பாதிப்பு உண்டு. நார்களாக இருக்கும் கொலாஜன் சுருங்கி உருகுவதற்கோ 65 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே மேற்பரப்பைச் சமப்படுத்தும் அளவுக்கு வெப்பம் கொடுக்கும்போது, அதற்கு நேர் கீழே உள்ள செல்களில் ஒரு பகுதி இறப்பதைத் தவிர்க்க முடியாது. ‘ஒரு செல்கூடச் சாகாது’ என்று யாராவது சொன்னால் அது விளம்பரப் பேச்சு என்றே கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழத்துக்கு இறக்கின்றன என்பதே உண்மையான கேள்வி. முட்டியின் பெரும்பாலான இடங்களில் குருத்தெலும்பின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஆய்வகச் சோதனைகளில், கருவியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தபோதும், ஆற்றலைக் கூட்டி வைத்தபோதும், நீரோட்டம் குறைந்தபோதும், செல் இறப்பு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறது. சில சோதனைகளில் அடியிலுள்ள எலும்புவரைகூடப் போயிருக்கிறது. கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல், மிக லேசாக, தூரிகைபோல் நகர்த்தியபோது இறப்பு மேலடுக்கோடு நின்றிருக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டமும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே இறந்த செல்களின் இடத்தைப் புதிய செல்கள் நிரப்புவதில்லை. உள்ளே சுட்டுக்கொண்டதை உடல் அப்போதே வலியால் தெரிவிப்பதும் இல்லை. பாதுகாப்பின் பெரும்பகுதி அந்தச் சில நிமிடங்களில் மருத்துவரின் கைப்பழக்கத்தைச் சார்ந்திருப்பது இதனால்தான்.

லேசர்ல பண்றதும் இதுவும் ஒண்ணா?

ஒன்றன்று. 1990களில் ஹோல்மியம் லேசரை மூட்டுக்குள் செலுத்திக் குருத்தெலும்பையும் மெனிஸ்கஸையும் சீர்செய்யும் முறை பல நாடுகளில் வேகமாகப் பரவியது. பிறகு, சிலருக்கு அடியிலுள்ள எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்துபோனதாக மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்தன. லேசரை மூட்டுக்குள் பயன்படுத்துவது படிப்படியாகக் குறைந்தது. ரேடியோ அலைக் கருவி அதன் பின்னர்தான் பரவலாயிற்று. எலும்பு உயிரிழக்கும் ஆபத்து இதிலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அத்தகைய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன, ஆனால் அவை அரிதானவை. உங்களிடம் யாராவது ‘லேசர்’ என்று சொன்னால், உண்மையிலேயே லேசரா, ரேடியோ அலையைத்தான் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பல நேரங்களில் இரண்டாவதே பதிலாக இருக்கும்.

சொந்தக்காரப் பையனுக்குத் தோள்ல சூடு வெச்சு மூட்டே போயிடுச்சு. முட்டிக்கும் அப்படி ஆகுமா?

தோளில் அந்த விபரீதம் உலகெங்கும் பதிவான ஒன்றுதான். அடிக்கடி விலகும் தோள்மூட்டின் உறையைச் சூட்டால் சுருக்கி இறுக்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. அதன் பின் இளைஞர்கள் சிலருக்கு மூட்டு முழுவதும் குருத்தெலும்பு சில மாதங்களிலேயே கரைந்துபோனது. தோள்மூட்டு சிறியது, உள்ளே நிற்கும் நீரின் அளவு குறைவு, நீரோட்டம் தடைபட்டால் அந்த நீரே கொதிநிலையை நோக்கிச் சூடேறும். முட்டி பெரிய மூட்டு, நீரும் அதிகம் என்பதால் அதே அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் நீரோட்டம் முக்கியம் என்ற பாடம் முட்டிக்கும் பொருந்தும்.

தோளுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க மூட்டுக்குள்ளேயே குழாய் வைத்து மரப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்புகளாலும் குருத்தெலும்பு கரைவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. அவற்றிலும் பெரும்பாலானவை தோள்மூட்டுகளே. எனவே உறவினரின் கதையில் சூடு மட்டுமே குற்றவாளி என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

மேல் தோல்ல தீக்காயம் வருமா?

வரக்கூடும், அரிதாக. மூட்டிலிருந்து வெளியேறும் சூடான நீர் தொடையில் வழிந்து தோலைச் சுடலாம். ஒற்றைமுனைக் கருவியாக இருந்தால், மின்சாரம் உடல் வழியே திரும்பிச் செல்வதற்காகத் தொடையில் ஒட்டும் தகடு சரியாக ஒட்டாத இடத்தில் காயம் ஏற்படலாம். இருமுனைக் கருவியில் மின்சாரம் முனையிலேயே போய்த் திரும்புவதால் தகடு தேவையில்லை. அறுவைக்குப் பிறகு கட்டுக்கு வெளியே கொப்புளமோ சிவந்த திட்டோ தெரிந்தால், ‘பிளாஸ்டர் ஒவ்வாமை’ என்று நீங்களே முடிவு செய்யாமல் காட்டிவிடுங்கள்.

எனக்கு பேஸ்மேக்கர் இருக்கு. இன்னொரு கால்ல ஆக்சிடென்ட்ல வெச்ச பிளேட்டும் இருக்கு. பண்ணலாமா?

பிளேட் பெரும்பாலும் தடையன்று. கருவியின் முனை உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வார்கள், மறுகாலில் இருப்பது இன்னும் கவலையற்றது. பேஸ்மேக்கர் அப்படியன்று. ரேடியோ அலைகள் அதன் செயலில் குறுக்கிடக்கூடும். ஆகவே எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், இதய மருத்துவர் மூவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பேஸ்மேக்கர் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சூடு இல்லாமல் பிளேடால் செய்ய முடியுமா என்று கேட்பதும் இங்கே நியாயமான கேள்வி.

எனக்கு 58 வயசு. மூணாவது ஸ்டேஜ் தேய்மானம்னு சொல்லிட்டாங்க. இதைப் பண்ணா மூட்டு மாத்துற ஆபரேஷன் தள்ளிப்போகுமா?

தள்ளிப்போகும் என்று நம்புவதற்குத் தக்க ஆதாரம் இல்லை. இந்த விஷயத்தில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை: வயதால் முழு மூட்டும் தேய்ந்தவருக்கு, தேய்மானத்துக்காக மட்டும் துளையிட்டுச் சுத்தம் செய்வதில், சூடு வைத்தாலும் வைக்காவிட்டாலும், பயன் இல்லை. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 180 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மூட்டைச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு நீரால் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது மூன்று பிரிவினரின் வலியிலும் நடையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வயதுத் தேய்மானம் கொண்ட ஏறத்தாழ எல்லாருக்கும் இத்தகைய துளை அறுவை வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது.

‘மூன்றாவது ஸ்டேஜ்’ என்று சொன்னால் எதில் மூன்றாவது என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் எலும்புகளின் இடைவெளி குறைந்திருப்பதைப் பார்த்துச் சொல்லும் மூன்று வேறு. கேமராவில் ஒரு குறிப்பிட்ட இடத்துக் குருத்தெலும்பு ஆழமாகப் பிளந்திருப்பதைப் பார்த்துச் சொல்லும் மூன்று வேறு. முன்னது முழு மூட்டின் நிலையைச் சொல்வது, பின்னது ஒரு திட்டின் நிலையைச் சொல்வது. பண்ருட்டியிலிருந்து வந்த அம்மா ஒருவர், முந்திரி உடைக்கத் தரையில் உட்கார்ந்தே பல ஆண்டுகள் கழித்தவர், கையில் எக்ஸ்ரே அறிக்கையை வைத்துக்கொண்டு, தம் மருமகனுக்குக் கால்பந்தில் அடிபட்டுச் செய்த அதே சிகிச்சை தமக்கும் ஏன் கூடாது என்று கேட்டார். இருவரின் அறிக்கையிலும் மூன்று என்ற எண் இருந்தது. இருவரின் முட்டிகளும் வெவ்வேறு.

அப்போ இது யாருக்குத்தான் சரிப்படும்?

சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்து, நடுவே குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் நைந்து, அதனால் பிடிப்பும் உரசலும் வலியும் உள்ளவர்களுக்கு. பெரும்பாலும் விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்டவர்கள், பயிற்சியும் மருந்தும் போதிய காலம் பார்த்தும் தேறாதவர்கள். பிரிட்டனில் சிகிச்சைகளின் ஆதாரத்தை மதிப்பிடும் அரசு அமைப்பான நைஸ் (NICE) 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முட்டியில் இத்தகைய தனித்த குருத்தெலும்புச் சேதத்துக்கு ரேடியோ அலைச் சிகிச்சையின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் உள்ள ஆதாரம் போதுமானது என்று ஏற்றுக்கொண்டது. அது முழு மூட்டுத் தேய்மானத்துக்குத் தந்த ஒப்புதல் அன்று என்பதை நினைவில் வையுங்கள்.

எலும்பே வெளியே தெரியும் நான்காம் நிலைத் திட்டில் சூடு வைப்பதற்குக் குருத்தெலும்பே மிச்சமில்லை. அங்கு இந்தச் சிகிச்சை பொருளற்றது.

சூடு வெச்ச இடத்துல திரும்ப வளருமா?

வளராது. இது மிச்சமிருப்பதை ஒழுங்குபடுத்தும் சிகிச்சை. இழந்ததைத் திருப்பித் தருவதன்று. எலும்பில் நுண்துளையிட்டு இரத்தம் கசியவைத்து வடுத்திசுவை வளர்ப்பதும், செல்களை வளர்த்துப் பதிப்பதும் வேறு அறுவைகள்.

முட்டியில ஊசி போட்டு நரம்பைச் சுடுறாங்களே, அதுவும் ரேடியோதானே?

ஆற்றல் ஒன்று, இலக்கு வேறு. அந்த முறையில் மூட்டுக்கு வெளியே, முட்டியிலிருந்து வலியை எடுத்துச் செல்லும் சிறு நரம்புகளின் அருகில் ஊசியை வைத்து, வழக்கமாக 80 டிகிரி அளவில் ஒன்று ஒன்றரை நிமிடம் சூடேற்றி அந்த நரம்பைச் செயலிழக்கச் செய்கிறார்கள். குருத்தெலும்பை அது தொடுவதில்லை. ஆகவே மேலே சொன்ன செல் இறப்புக் கவலை அதற்குப் பொருந்தாது. வலி மாதக்கணக்கில் குறையலாம். நரம்பு மீண்டும் வளரும்போது வலியும் திரும்பலாம். தேய்மானம் முற்றி, அறுவை செய்ய உடல்நிலை இடம்தராதவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதுண்டு. 58 வயதுக்காரரின் கேள்விக்கு, பேசிப் பார்க்கத்தக்க வழிகளில் இதுவும் ஒன்று.

வெந்நீர் ஒத்தடம், பிசியோவுல கரண்ட் சூடு இதெல்லாமும் ஜவ்வைக் கெடுக்குமா?

கெடுக்காது. அந்த வெப்பம் தோலையும் தசையையும் சில டிகிரி மட்டுமே சூடாக்குகிறது. 50 டிகிரி மூட்டுக்குள் எட்டுவதே இல்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஷார்ட்வேவ் என்னும் மின்வெப்பக் கருவியின் பக்கம் போகக் கூடாது என்பது ஒரு விதிவிலக்கு. காய்ச்சிய கம்பியால் முட்டியில் சூடு போடும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதனால் உள்ளே பயன் ஏதுமில்லை; மேலே புண்ணும் தழும்பும் மிஞ்சும். அந்தப் புண் ஆறும்வரை எந்த மருத்துவரும் அந்த முட்டியில் அறுவை செய்யமாட்டார், ஏனெனில் கிருமி உள்ளே போய்விடும்.

மெனிஸ்கஸ் ஆபரேஷன்னு சொல்லிட்டு, உள்ளே போனதும் சூடும் வெச்சுட்டாங்க. இது சரியா?

நடக்கக்கூடியதுதான். எம்ஆர்ஐ படத்தில் குருத்தெலும்பின் மேலோட்டமான நைவு தப்பிவிடுவதுண்டு. கேமரா உள்ளே போன பிறகே தெரியவரும். அந்த நேரத்தில் உங்களை எழுப்பிக் கேட்க முடியாது என்பதால், ‘உள்ளே வேறு ஏதேனும் தெரிந்தால் தேவையானதைச் செய்யலாம்’ என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அந்த வரியில் கையெழுத்திடும் முன், வேறு ஏதேனும் என்றால் எது, சூடா பிளேடா, என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். செய்து முடித்துவிட்டால், எந்த இடத்தில், எந்தக் கருவியால் செய்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சுருக்கத்திலோ அறுவைக் குறிப்பிலோ எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

சூடு வைக்கிற முனை ஒரு தடவைதான் பயன்படுத்தணுமாமே? பழையதை வெச்சா தெரியுமா?

பெரும்பாலான முனைகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கென்றே தயாரிக்கப்படுபவை. விலை அதிகம் என்பதால் கிருமி நீக்கி மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. கிருமித்தொற்று அதில் ஒரு கவலை. மின்முனை தேய்ந்துபோனால் ஆற்றல் சீராக வெளிப்படாது என்பது மற்றொன்று. மேலே சொன்ன ஆழக் கணக்கெல்லாம் கருவி சொன்னபடி நடக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. புதிய முனையா என்று அறுவைக்கு முன்பே தயங்காமல் கேட்கலாம். பில்லில் முனைக்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தால், அதன் உறையில் உள்ள ஸ்டிக்கர் உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

கார்டு செல்லுமா? ஜிப்மர்ல பண்ணுவாங்களா?

துளை அறுவை வசதி புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். கடலூர்க்காரர்கள் வைத்திருப்பது தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை, புதுச்சேரியோ தனி ஒன்றியப் பகுதி. ஆகவே எல்லையோரக் கங்கணாங்குப்பத்தைத் தாண்டும் முன் அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில், இந்த அறுவையின் பெயரைச் சொல்லி, உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரமில்லாத அறுவை என்பதால் காத்திருப்பதால் முட்டிக்குக் கேடில்லை.

எப்போ தரையில உட்காரலாம்? திருவந்திபுரம் மலை ஏறலாமா?

மேற்பரப்பைச் சமப்படுத்தியது மட்டும்தான் என்றால், தாங்கக்கூடிய அளவுக்கு எடை ஊன்றி ஓரிரு நாளில் நடக்கவிடுவார்கள். மெனிஸ்கஸைத் தைத்திருந்தாலோ எலும்பில் துளையிட்டிருந்தாலோ கணக்கே மாறிவிடும். அப்போது மருத்துவர் எழுதிய நாள்களை நான் உட்பட யாரும் குறைக்கக் கூடாது. முதல் வாரத்தில் முன்தொடைத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைப் படுத்தபடியே தொடங்குகிறோம். வீங்கிய முட்டியில் அந்தத் தசை வியக்கத்தக்க வேகத்தில் மெலிந்துவிடும். தசை தாங்காத எடையைச் சூடு பட்ட அந்த மெல்லிய பரப்பு தாங்க வேண்டிவரும் என்பதால், பயிற்சியைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

குந்தி உட்காரும்போதும் படி இறங்கும்போதும் முட்டிச் சிப்பியின் அடியில் அழுத்தம் பல மடங்காகிறது. சிகிச்சை அந்த இடத்தில்தான் என்றால், இந்தியக் கழிப்பறைக்கு ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை நாற்காலி வாங்கிக்கொள்வது நல்லது. திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சந்நிதிக்கு ஏறுவது பெரிய சிக்கலாகாது; இறங்குவதில்தான் கவனம் வேண்டும். கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலைத் தாமதமாகவும் அறுவை செய்த காலை முதலிலுமாகக் கீழே வைத்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். வீக்கம் முழுவதும் வடிந்து, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்க முடிந்த பிறகே அதற்கும் போகலாம்.

எந்த மாதிரி வலி வந்தா பயப்படணும்?

அறுவைக்குப் பின் சில நாள்கள் வீக்கமும் வலியும் இயல்பு. நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலும், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்னது கிருமித்தொற்றாகவும் பின்னது இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். இவை எந்த முட்டி அறுவையிலும் வரக்கூடியவை.

வெப்பத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது வேறு. தேறி நடந்துகொண்டிருந்தவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிதாக அடி எதுவும் படாமல், எலும்புக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழமான வலி, குறிப்பாக இரவில், தொடங்கினால் காத்திருக்காதீர்கள். லேசர் பற்றிய பதிலில் சொன்ன எலும்புப் பாதிப்பு எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் தெரியாது; எம்ஆர்ஐ வேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாதவர் ‘எல்லாம் நல்லா இருக்கா’ என்று பார்க்க எம்ஆர்ஐ எடுப்பது வீண் செலவு. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதை வழக்கமான எம்ஆர்ஐ காட்டாது.

ஒரு தடவை சூடு வெச்ச முட்டியில மறுபடி வைக்கலாமா?

முதல் முறையைக் காட்டிலும் மிகுந்த தயக்கத்தோடு அணுக வேண்டியது இது. முதல் சிகிச்சையில் சிறிது தடிமன் குறைந்திருக்கும். மேலடுக்கில் சிறிதளவு உயிரற்ற பகுதியும் இருக்கலாம். அதன் மேல் மீண்டும் வெப்பம் போனால் எலும்பை எட்டுவதற்கு இருக்கும் தூரம் முன்பைவிடக் குறைவு. தவிர, ஒருமுறை சமப்படுத்திய இடம் மீண்டும் நைந்திருக்கிறது என்றால், காலின் வளைவு, உடல் எடை, சிப்பி விலகி ஓடுவது, தளர்ந்த தசைநார் இவற்றில் ஏதோ ஒன்று அங்கே தொடர்ந்து உரசிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடித்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் அறுவையின் வீடியோவும் குறிப்புத் தாளும் கையில் இருந்தால், அவர் பதில் சொல்வது எளிதாகும்.